ஐந்தில் ஒரு பங்கு ஆயுள்

ஆயுள்மானியின் பட்டையை மாதேஷின் மணிக்கட்டில் கட்டியபோது நீதிமன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை, மாதேஷின் இருமலைத் தவிர. அவன் இருமி முடிக்கும்வரை கருவியை இயக்கும் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு விசையை அழுத்தினாள். பட்டைக்குள்ளிருந்து நுண்ணூசிகள் இறங்கி ஏறின. சுவரிலிருந்த திரையில் எண்கள் ஓடி நின்றன.

முந்நூற்று முப்பது நாட்கள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த யாழிசை அந்த எண்ணைப் பார்த்ததும் பல்லைக் கடித்தாள். பதினொரு மாதம். கணக்கு அவளுக்கு உடனே ஓடிவிட்டது. அங்கே கூடியிருந்த ஒன்பது குடும்பங்களுக்கும் ஓடியிருக்கும்.

ஆயுள்மானி சோதிடம் சொல்லும் கருவி அல்ல. நாளைக்கு ஒருவன் லாரியில் அடிபட்டுச் சாவானா என்று அதற்குத் தெரியாது. ரத்தம், திசு, உறுப்புகளின் தேய்மானம் இவற்றைப் படித்து, விபத்து எதுவும் நேராவிட்டால் இந்த உடம்பு இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று மட்டும் சொல்லும். பத்து நாளுக்கு மேல் தவறாது. அது வந்த மூன்றாம் வருடம் மீதியாயுள் தண்டனைச் சட்டம் வந்தது. நோயாளிகள் சிறையிலேயே செத்துக் கொண்டிருந்த காலம் அது. முப்பது வயது ஆரோக்கியமானவனுக்கு ஐந்து வருடம் என்பது வாழ்க்கையில் ஒரு துண்டு. புற்றுநோய்க்காரனுக்கு அதுவே முழு வாழ்க்கை. ஆகவே தண்டனையை வருடத்தில் சொல்லக்கூடாது, மீதி ஆயுளில் இத்தனை பங்கு என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். யாழிசையும் அன்றைக்குக் கைதட்டியவள்தான். நியாயமாகத்தான் பட்டது.

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். 'நிறைமின்' மின்கலத் தொழிற்சாலையின் உலர்த்து அறையில் தீப்பிடித்து ஒன்பது தொழிலாளிகள் இறந்ததற்குக் காரணம், அவசரக் கதவு தானாகத் திறக்கும் வசதியை நிறுத்திப் பூட்டி வைத்தது. அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர் பொறுப்பு அலுவலர் மாதேஷ். குற்றம் நிரூபணமானது. தண்டனை, மீதியாயுளில் ஐந்தில் ஒரு பங்கு. அறுபத்தாறு நாட்கள். விசாரணைக் காலத்தில் ஐம்பத்தொரு நாள் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டதால், மிச்சம் பதினைந்து நாள்.

யாழிசை எழுந்துவிட்டாள்.

"பதினஞ்சு நாளா? ஒம்பது பேரைக் கருக்கினவனுக்குப் பதினஞ்சு நாளா?"

"உட்காருங்கம்மா," என்றார் நீதிபதி. அவர் குரலில் கடுமை இல்லை. "உங்க வேதனை புரியுது. ஆனா அவர் இழக்கிறதும் அஞ்சுல ஒரு பங்குதான். ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தருக்கு இதே தண்டனை எட்டு வருஷமா இருக்கும். ரெண்டு பேருக்கும் இழப்பு ஒண்ணுதான்."

"என் தங்கச்சி அஞ்சுல ஒரு பங்கா செத்தா?"

இரண்டு பெண் காவலர்கள் அவளை வெளியே கூட்டி வந்தார்கள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். மாதேஷ் தலைகுனிந்து, வாயில் துண்டை வைத்து இருமிக்கொண்டிருந்தான். நடிக்கிறான் என்று நினைத்தாள். செத்துத் தொலையேண்டா என்றும் நினைத்தாள். அப்புறம்தான், அவன் செத்துத் தொலைவதுதான் அவனுக்குக் கிடைத்த சலுகை என்பது உறைத்தது.

*

யாழிசை ஓசூர் நகரப் பேருந்தில் ஓட்டுநர். அம்மா இறந்தபோது தங்கை மகிழினிக்கு ஆறு வயது. தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி, பட்டயப் படிப்பு படிக்க வைத்து, நிறைமின்னில் வேலைக்கு ஏற்றி அனுப்பியதெல்லாம் அவள்தான். தீப்பிடித்த நாள் காலையில் மகிழினி அவளுடைய பேருந்தில்தான் தொழிற்சாலைக்குப் போனாள். இறங்கும்போது, "அக்கா, சாயங்காலம் காலிஃப்ளவர் வாங்கிட்டு வா," என்றாள். கடைசியாகக் கேட்டது அவ்வளவுதான்.

ஒன்பது குடும்பங்களுக்காகவும் வாதாடிய வழக்கறிஞர் பெனாசிர் மறுநாள் பணிமனைக்கே அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, சட்டத்துல பதினாலாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தண்டனை முடியறதுக்குள்ள மீதியாயுள் மாறினா தண்டனையும் மாறும்."

"மாறினா?"

"குறைஞ்சா குறையும். இப்ப வரைக்கும் எல்லாரும் அதுக்குத்தான் பயன்படுத்தறாங்க. சேலம் ஜெயில்ல போய்ப் பாருங்க. சர்க்கரை நோய்க்காரன் ஒருத்தனும் மாத்திரை முழுங்கறதில்ல. மறு அளவீட்டுக்கு முன்னாடி கிலோ கணக்குல வெல்லம் தின்னுட்டு வந்து உட்கார்றான். உடம்பு கெட்டா விடுதலை கிட்ட வருது."

"அதைச் சொல்லவா வந்த?"

"இல்லக்கா. குறைஞ்சா குறையும்னா, கூடினா கூடணும் இல்லையா? மாதேஷுக்கு இருக்கறது கல்தூசி நோய். நுரையீரல் மீள்வளர்ப்பு சிகிச்சை வந்து ஆறு வருஷம் ஆச்சு. அவனோட செல்லையே எடுத்து, உள்ளேயே புதுசா நுரையீரல் வளர்த்துடுவாங்க. வெளில இருக்கறவங்களுக்கு அரசு ஆஸ்பத்திரி வரிசையில பதினோரு வருஷம் காத்திருக்கணும். கைதின்னா அப்படி இல்ல. அவன் உடம்புக்கு அரசாங்கம்தான் பொறுப்பு."

யாழிசை நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒரு பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மனு போடு," என்றாள். "அவன் நல்லா இருக்கணும். நூறு வயசு வாழட்டும். வாழ்ந்து உள்ளயே கிடக்கட்டும்."

மனு ஐந்தாம் நாள் விசாரணைக்கு வந்தது. இப்படி ஒரு மனுவை நீதிமன்றம் அதுவரை கண்டதில்லை. கொலைகாரனைக் காப்பாற்றச் சொல்லிச் செத்தவர்களின் குடும்பம் வந்து நிற்கிறது. வேண்டாம் என்கிறவனோ நோயாளி.

"எனக்கு வைத்தியம் வேணாங்கய்யா," என்றான் மாதேஷ், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கினான். "இன்னும் பத்து நாள்ல வெளிய போயிடுவேன். வீட்டுல போய்ச் சாவறேன். விட்டுடுங்க."

"அவன் உயிர் அவனுக்குச் சொந்தம்," என்றார் அவனுடைய வழக்கறிஞர்.

"எங்க ஒம்பது உயிரும் அவங்கவங்களுக்குத்தான் சொந்தமா இருந்துச்சு," என்றாள் யாழிசை, கேட்காமலேயே.

இந்த முறை நீதிபதி அவளை உட்காரச் சொல்லவில்லை. நோயைச் சிகிச்சையின்றி வைத்துக்கொண்டு தண்டனையிலிருந்து தப்புவதைச் சட்டம் அனுமதிக்க முடியாது என்று எழுதினார். பாதிக்கப்பட்டவர் கோரினால், குணப்படுத்தக்கூடிய நோய் உள்ள கைதியைக் குணப்படுத்தி, கூடிய ஆயுளுக்கு ஏற்பத் தண்டனையைத் திருத்த வேண்டும். சிகிச்சை முடியும்வரை விடுதலை கிடையாது.

செய்தி ஊடகங்கள் அதை 'யாழிசை தீர்ப்பு' என்றன. அவளுடைய பேருந்தில் ஏறியவர்கள் கைகுலுக்கினார்கள். ஒரு பெரியவர், "சரியான அடி கொடுத்தேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

நான்கு மாதம் கழித்து மாதேஷை மறுபடி அளந்தார்கள். யாழிசை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அவன் நிமிர்ந்து நடந்து வந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கருவியை மாட்டும்போது ஒருதரம்கூட இருமவில்லை.

இருபத்தாறு வருடம் என்றது திரை. ஐந்தில் ஒரு பங்கு, ஐந்து வருடம் இரண்டு மாதம்.

மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். வந்தது வேறு ஏதோ. தன் தங்கை மூச்சுமுட்டிச் செத்த வழக்கில், ஒருவன் நெஞ்சு விம்ம மூச்சிழுப்பதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

மாதேஷ் அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினான். போகக்கூடாது என்று இரண்டு வாரம் பிடிவாதமாக இருந்தாள். பிறகு, முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்த்துவிட்டு வரலாம் என்று போனாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் கைகூப்பினான்.

"கும்பிடாத. கதவை எதுக்குப் பூட்டின, அதைச் சொல்லு."

"எந்தக் கதவும்மா?" என்றான் அவன். "நான் அந்தக் கம்பெனிக்குள்ள காலே வெச்சதில்ல."

யாழிசை அவனை வெறித்தாள்.

"நான் கல்லுக்கொட்டாய் குவாரியில துளை போடறவன். இருபத்தி ரெண்டு வருஷம். தூசி தின்னு நெஞ்சு போச்சு. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அப்பதான் கம்பெனி ஆளுங்க ஊருக்கு ஆயுள்மானிய எடுத்துக்கிட்டு வந்தாங்க. இலவசப் பரிசோதனைன்னாங்க. எல்லாரையும் அளந்தாங்க. எனக்குத்தான் அன்னைக்கு ரொம்பக் கம்மி. ஒண்ணரை வருஷம். மறுநாளே வீட்டுக்கு வந்து, 'உனக்குப் பொறுப்பு அலுவலர் வேலை, வீட்டுலயே இரு, அனுப்பற காகிதத்துல கையெழுத்து போடு'ன்னாங்க. எம் பொண்ணுக்கும் வேலை தர்றேன்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியும்மா. ஆனா அந்தக் காகிதம் எல்லாம் இங்கிலீசு."

"பொய் சொல்ற."

"பொய்யின்னா இத்தனை நாள் சொல்லியிருப்பனே. கோர்ட்டுல சொல்லியிருந்தா அன்னைக்கே தப்பிச்சிருக்கலாம். அப்ப வாயைத் திறக்கல. ரெண்டு மாசம் உள்ள இருந்துட்டு வந்து செத்துப் போற எனக்கு எதுக்கு வம்பு, பொண்ணுக்கு வேலையாச்சும் நிலைக்கட்டும்னு இருந்துட்டேன். இப்ப அப்படி இல்லையேம்மா. இருபத்தாறு வருஷத்துக்கு அந்த ஒம்பது பேரு மொகத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது?"

யாழிசை தடுப்பிலிருந்த தொலைபேசியைக் கீழே வைக்கப் போனாள்.

"நீங்க என் மேல இருந்த கோவத்துல குடுத்த மூச்சு இது," என்றான் மாதேஷ். "திட்டிட்டுப் போங்க. நான் தப்பே பண்ணலன்னு சொல்லல. கையெழுத்து என்னுதுதான்."

சிறையிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. நிறைமின் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. உலர்த்து அறைக் கட்டடத்துக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். வாசலில் சட்டப்படி வைக்க வேண்டிய பெயர்ப்பலகை இருந்தது. நிர்வாக இயக்குநர், விக்ராந்த். அதன் கீழே, பொறுப்பு அலுவலர், சம்யுக்தா. பக்கத்தில் சின்னப் புகைப்படம். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை.

வாயிற்காவலர் ஓடிவந்து பிடிப்பதற்குள் அந்தப் பலகையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்துவிட்டாள்.

*

மாதேஷின் வாக்குமூலத்தை வைத்து பெனாசிர் விக்ராந்த் மேல் வழக்கு தொடுத்தாள். சட்டம் கையெழுத்தைத்தான் பார்க்கும், கையெழுத்துக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்காது என்றது எதிர்த்தரப்பு. விக்ராந்த் ஒருமுறைகூட வரவில்லை. இளமை நீட்டிப்புச் சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொன்னார்கள். அந்தச் சிகிச்சை முடிந்தால் அவருக்கு இன்னும் எண்பது வருடம் இருக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு பதினாறு வருடம் என்று பெனாசிர் கணக்குப் போட்டுச் சொன்னாள். யாழிசைக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கு தள்ளிப்போயிற்று. மறுபடி தள்ளிப்போயிற்று.

அப்படி ஒரு தள்ளிவைப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், ஒரு பெண்ணும் ஆணும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்த ஆள் மாடிப்படி ஏறிய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மூச்சிரைப்பு யாழிசைக்குப் பழக்கமானது.

"அக்கா, நாங்க கல்லுக்கொட்டாயிலேர்ந்து வர்றோம். என் பேர் சௌந்தர்யா. இது எங்க வீட்டுக்காரர், தீர்த்தகிரி. மாதேஷண்ணன் கூட குவாரியில இருந்தவரு."

உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். தீர்த்தகிரியால் ஒரு மிடறைக்கூட நிற்காமல் குடிக்க முடியவில்லை.

"இவருக்குப் பதினாலு மாசம்தான்னு சொல்லிட்டாங்க," என்றாள் சௌந்தர்யா. "ஆஸ்பத்திரி வரிசையில பேர் குடுத்திருக்கோம். நம்பர் வர்றதுக்குப் பதினோரு வருஷம் ஆகும். மாதேஷண்ணனைப் போன வாரம் போய்ப் பார்த்தோம். ஓடறாருக்கா. ஜெயில் மைதானத்துல ஓடறாரு."

"நான் என்ன பண்ணணும்?" என்றாள் யாழிசை. பெனாசிரின் எண்ணைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

சௌந்தர்யா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"இவரு உங்களை அடிக்கணும்க்கா."

"என்ன?"

"எலும்பு முறியணும். அப்பதான் கொடுங்காயம்னு எழுதுவாங்களாம். எட்டுல ஒரு பங்கு. நீங்க கோர்ட்டுல போய், இவன் சாகக்கூடாது, வைத்தியம் பண்ணி முழுசாத் தண்டனை குடுங்கன்னு சொல்லணும். பாதிக்கப்பட்டவங்க கேட்டாத்தானே குடுப்பாங்க? நல்லானா இருபத்தி நாலு வருஷம் இருப்பாரு. மூணு வருஷம் உள்ள போகும். மிச்சம் இருபத்தோரு வருஷம் எங்களோட இருப்பாரு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். "யாரையோ தெரியாதவங்களை அடிச்சா அவங்க மனு போடுவாங்களான்னு தெரியாது. செத்துப் போகட்டும்னு விட்டுடுவாங்க. உங்களுக்குத்தான் வழி தெரியும்னு வந்தோம். தப்பா நினைச்சுக்காதீங்கக்கா."

இந்த நாட்டில் மூச்சு இருக்கிறது. மருத்துவர் இருக்கிறார், கருவி இருக்கிறது, கட்டில் இருக்கிறது. உழைத்து நெஞ்சு போனவனுக்கு அது கிடையாது. அவன் கையில் விலங்கு மாட்டினால் உண்டு. வாழ வைக்கத் தராததைத் தண்டிக்கத் தருகிறார்கள். அந்த வாசலைத் திறந்துவிட்டது தன்னுடைய வெறுப்பு என்பதுதான் யாழிசையை அதிகமாகச் சுட்டது.

"பஸ் ஓட்டறவ நான்," என்றாள். "எது முறிஞ்சாலும் மூணு மாசம் வேலை இல்ல."

"தெரியும்க்கா." சௌந்தர்யா எழுந்தாள். "மன்னிச்சிடுங்க. நாங்க வர்றோம்."

"உட்காரு. இடது கைன்னா பரவாயில்லன்னு சொல்ல வந்தேன்."

தீர்த்தகிரி பையிலிருந்து கல் உடைக்கும் சுத்தியலை எடுத்தான். இருபது வருடம் பாறையை உடைத்த சுத்தியல். யாழிசை மேசைமேல் கையை நீட்டினாள். அவன் தூக்கினான். தோளுக்கு மேல் போகவில்லை. மூச்சு அடைத்து, சுத்தியலைத் தரையில் விட்டுவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திணறினான். மறுபடி முயன்றான். சுத்தியல் அவள் கைமேல் விழுந்தது. வலித்தது, அவ்வளவுதான். ஒரு பெண்ணின் கையை முறிக்கும் அளவுக்குக்கூட அந்த ஆளிடம் காற்று இல்லை.

"முடியலம்மா," என்றான். அவன் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "வேணாம். விட்டுடுங்க."

யாழிசை எழுந்தாள். வாசல் கதவைத் திறந்தாள். கனமான இரும்புக் கதவு. கீல் பக்கத்து இடுக்கில் முழங்கைக்குக் கீழே கையை நுழைத்து வைத்தாள்.

"ஓங்க வேணாம். சாஞ்சா போதும். உன் முழு உடம்பையும் கதவு மேல சாய்."

அவன் அசையவில்லை. சௌந்தர்யா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"சாயுடா!" என்று கத்தினாள் யாழிசை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "உன்னைக் கொன்னவனுங்க எல்லாம் நல்லா இருக்கானுங்க. நீ எதுக்குடா சாவணும்? சாய்!"

அவன் அழுதுகொண்டே சாய்ந்தான். எலும்பு முறிந்தது.

*

காவல் நிலையத்தில் கட்டுப்போட்ட கையோடு புகார் எழுத உட்கார்ந்தாள். உதவி ஆய்வாளர் அவளைவிட இளையவள், ரோஷ்ணி என்று சட்டையில் பெயர். கேள்விகளைக் கேட்டுக்கொண்டே, நிமிராமல் எழுதினாள்.

"குற்றவாளியை முன்னாடி தெரியுமா?"

"தெரியாது."

"எதுக்கு அடிச்சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவனைக் கேளுங்க."

"உங்க கோரிக்கை?"

"அவனுக்கு வைத்தியம் பண்ணணும். தண்டனையை முழுசா அனுபவிக்கணும். ஒரு நாள் குறையக் கூடாது."

ரோஷ்ணி எழுதுவதை நிறுத்தினாள். "இந்த மாசத்துல இது நாலாவது புகார்," என்றாள். "நிறைமின்ல செத்துப் போனாங்களே, அந்த ஒம்பது குடும்பத்துல இதோட நாலு குடும்பம் அடி வாங்கியாச்சு. யாரைக் கேட்டாலும் இதே வார்த்தை. அடிச்சவன் எல்லாம் கல்லுக்கொட்டாய். யாருக்கும் எதுக்கு அடிச்சான்னு தெரியல."

மற்றவர்கள் வீட்டுக்கும் ஆள் போயிருக்கிறது. அவர்களும் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டியிருக்கிறார்கள். யாழிசைக்கு அது அப்போதுதான் தெரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பொய்ப் புகார்னு எழுதப் போறீங்களா?"

ரோஷ்ணி புகாரில் முத்திரை குத்தினாள். பிரதியை நீட்டியவள், யாழிசை அதை வாங்கிய பிறகும் காகிதத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"எங்கப்பா கிரானைட் பட்டறையில பாலிஷ் போட்டவரு," என்றாள், வெளியே நின்ற காவலருக்குக் கேட்காத குரலில். "ஒம்பது மாசம்னு சொல்லியிருக்காங்க. உங்க வலது கைக்கு ஒண்ணும் ஆகலையே?"